பொன் எங்கும் போகவில்லை



இன்று ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு. தாத்தா பாட்டிகளையும் முதியோரையும் நினைத்து மன்றாடுவதற்கென்று திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்திக் கொடுத்த நாள். ஜூலை 26 புனிதர்கள் சுவக்கீன், அன்னா திருநாள் என்பதால் அதை ஒட்டி இந்த ஞாயிறு. மரியாவைப் பெற்று வளர்த்தவர்கள், நம் ஆண்டவருடைய தாத்தா பாட்டி. நற்செய்தி நூல்கள் நான்கிலும் தேடினாலும் அவர்கள் பெயர் கிடைக்காது. பழைய ஏடுகள் வழியாகவும் பெரியவர்கள் வாய்வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்த பெயர்கள் அவை. யாரோ பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்கள், அந்தப் பிள்ளைகள் தங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்கள்.

பூசைக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் ஓடி வந்து, பீடத்துக்குக் கீழே இருக்கிற இந்த மரப்பெட்டியில் என்ன இருக்கிறது சாமி என்று கேட்டார்கள். சொல்கிறேன்.

இது என் அம்மாவின் அப்பா வைத்திருந்த பெட்டி. நம் ஊர் வழக்கப்படி அவரை நாங்கள் பாட்டா என்றே கூப்பிடுவோம். நகை ஆசாரி. இதோ உரைகல். இது சாமணம். இந்த இரும்புத் தகட்டில் வரிசையாகத் துளைகள் தெரிகிறதா? இது கம்பி அச்சு. இந்தச் சின்ன டப்பாவில் குன்றிமணிகள் இருக்கின்றன. தராசில் கிராம் வருவதற்கு முன்னால் பொன்னை நிறுத்தது இவற்றை வைத்துத்தான். இது ஊதுகுழல். பித்தளைக் குழாய், நுனி மட்டும் வளைந்திருக்கும். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்: வாய் வைக்கிற பக்கம் பித்தளை தேய்ந்து, இரண்டு பக்கமும் சின்னதாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. பாட்டாவின் பல் பட்ட இடம். அவருக்கு முன்னால் அவருடைய பாட்டா இதைத்தான் ஊதினார். இந்தப் பள்ளத்தில் எது யாருடைய பல் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பாட்டா தொழில் கற்றது வடசேரியில். நாகர்கோவில்காரர்களுக்கு வடசேரி என்றால் பேருந்து நிலையமும் சந்தையும் நினைவுக்கு வரும். பரதநாட்டியம் ஆடுகிறவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். அவர்கள் நெற்றியில் வைக்கிற சுட்டி, தலையில் வைக்கிற சூரியப் பிறை, சந்திரப் பிறை, பின்னலில் வைக்கிற ராக்கொடி, இடுப்பில் கட்டுகிற ஒட்டியாணம் எல்லாம் அந்தத் தெருக்களில் கையால் செய்யப்படுபவை. நாகர்கோவில் கோவில் நகைகள் என்று அவற்றுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வெள்ளித் தகட்டை வெட்டி வளைத்து, கல் உட்காரக் குழி எடுத்து, அந்தக் குழியில் அரக்கை உருக்கி நிரப்புவார்கள். அதன்மேல் சிவப்புக் கெம்புக் கல். கல்லைச் சுற்றி மெல்லிய தங்க ரேக்கை வைத்து அழுத்தி அழுத்தி ஒட்டுவார்கள். மேடையில் மின்னுவது ரேக்கும் கெம்பும். கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது உள்ளே இருக்கிற அரக்கு. அது யார் கண்ணிலும் படாது. அம்மன் சிலைக்கும் ஆடும் பெண்களுக்கும் நகை செய்யப் பழகிய கைதான் பிறகு நம் வீட்டுப் பெண்களுக்குச் சிலுவை பொறித்த தாலியும் செய்தது.

நான் கோடை விடுமுறைக்குப் பாட்டா வீட்டுக்குப் போவேன். முதல் வருடம் எனக்குக் கொடுத்த வேலை பட்டறையைக் கூட்டுவது. சாயந்தரம் சின்னத் தூரிகையால் பாய், பலகை, இடுக்கு எல்லாம் துடைத்துத் தகரத்தில் சேர்க்கவேண்டும். குப்பையை வெளியே கொட்டக்கூடாது. அரம் போட்ட பொன் துகள் அதற்குள் இருக்கும். சேர்த்து வைத்து, அரித்து, உருக்கி, குன்றிமணி அளவுக்குக்கூடத் தேறாத ஒரு பொட்டுப் பொன்னை எடுப்பார். ஒற்றைத் திராக்மாக் காசைத் தேடி விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிய அந்தப் பெண்ணைப் பற்றிய உவமையை நற்செய்தியில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகரம்தான் கண்முன் வரும். லூக்கா அதைப் படித்தவர்களுக்கு எழுதினார் என்பார்கள். எனக்கென்னவோ அது பட்டறையைக் கூட்டியவர்களுக்கு நன்றாகவே புரியும் என்று படுகிறது.

அடுத்த வருடம் கம்பி இழுக்க விட்டார். பெரிய துளையில் தொடங்கி, ஒவ்வொரு துளையாகச் சின்னதற்கு இறங்கவேண்டும். ஒரு கிராம் பொன்னை 2 கிலோமீட்டருக்கும் நீளமாக இழுக்கலாம், அவ்வளவு இளகிய உலோகம் அது. ஆனாலும் நாலைந்து துளை இழுத்ததும் கம்பி விறைத்துப்போகும். அப்போது நிறுத்தி, அனலில் காட்டி இளக்கி, ஆறவிட்டுத்தான் மறுபடி இழுக்கவேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். பெற்றோரே, காலை ஐந்து மணிக்கு ஒரு டியூஷன், மாலையில் இரண்டு டியூஷன் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டே போகிறீர்களே, அந்தக் கம்பியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே அதை இளக்குகிற அனல் ஒன்று வேண்டும். பல வீடுகளில் அந்த அனல் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறது.

இன்றைய முதல் வாசகத்துக்கு விடுதலைப் பயண நூலின் 31-ஆம் அதிகாரத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இறை ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று திருநூல் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது யாரை? மோசேயை அல்ல, ஆரோனையும் அல்ல. பெட்சலேல் என்கிற கைவினைஞரை. எதற்காக ஆவி நிரப்பினார்? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, கல்லை வெட்டிப் பதிக்க. பெந்தக்கோஸ்தே நெருப்பு நாவுகளைப் பற்றிப் பேசுகிற நாம், ஆவியானவர் பாலைநிலத்தில் ஒரு பொற்கொல்லர் பட்டறைக்குள் இறங்கியதை மறந்தே போனோம்.

பெட்சலேலை அறிமுகப்படுத்தும்போது அப்பா பெயரோடு நிறுத்தவில்லை. யூதா குலத்துக் கூரின் பேரன், ஊரியின் மகன் என்று தாத்தா பெயரையும் சேர்த்தே சொல்கிறார் ஆண்டவர். யார் இந்தக் கூர்? அதே நூலில் 17-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். இரபிதிமில் அமலேக்கியரோடு போர். மோசே மலைமேல் நின்று கையை உயர்த்தி வைத்திருக்கும்வரை இஸ்ரயேலர் வென்றார்கள், கை தாழ்ந்தால் தோற்றார்கள். கை கனத்துப்போனது. ஒரு கல்லைப் போட்டு அவரை உட்கார வைத்து, ஒரு பக்கம் ஆரோனும் மறுபக்கம் கூரும் அந்தக் கைகளைக் கதிரவன் மறையும்வரை தாங்கிப் பிடித்தார்கள். பெட்சலேலின் தாத்தா இந்தக் கூர்தான் என்பது யூதரின் பழைய மரபு. நான் அதை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். சாயுங்காலம்வரை இன்னொருவர் கையைத் தாங்கி நின்ற தாத்தா. பொன்னைக் கையாளும் கை பேரனுக்கு. கூர் பேரனுக்குப் பொன் எழுதி வைத்ததாக எங்கும் இல்லை. நடுங்காத கையைக் கொடுத்துப் போயிருக்கிறார்.

35-ஆம் அதிகாரத்தில் இன்னொரு வரம் சேர்த்துச் சொல்லப்படுகிறது. பெட்சலேலுக்கும் அவருடைய துணைவரான தாண் குலத்து ஒகோலியாபுக்கும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வரத்தையும் ஆண்டவர் கொடுத்தாராம். தொழில் தெரிவது ஒரு வரம் என்றால், அதைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்க மனம் வருவது இன்னொரு வரம். கையில் வித்தை இருந்தும் அதைத் தன்னோடு மண்ணுக்குக் கொண்டுபோன எத்தனையோ பேரை நாம் அடக்கம் செய்திருக்கிறோம்.

நகையைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் நான் மேய்ப்பன் அல்ல. பெட்சலேலைப் பற்றிய 31-ஆம் அதிகாரத்துக்கும் 35-ஆம் அதிகாரத்துக்கும் நடுவில் 32 இருக்கிறது. மனைவியர், புதல்வர், புதல்வியர் காதிலிருந்த பொன் வளையங்களைக் கழற்றி வாங்கி, ஆரோன் கன்றுக்குட்டி வார்த்தது அங்கேதான். பிறகு மக்கள் மனந்திரும்பி, தங்களிடம் இருந்த காதணிகளையும் மோதிரங்களையும் கைவளைகளையும் மனமுவந்து கொண்டுவந்து திருக்கூடாரத்துக்குக் கொடுத்தார்கள். 29 தாலந்துக்கும் மேல் பொன் சேர்ந்தது என்று கணக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். பொன் ஒன்றுதான். கேட்ட வாயும் கொடுத்த மனமும் வேறு. நம் மாவட்டத்தில் திருமணப் பேச்சு தொடங்கினால் முதல் கேள்வி எது என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை பவுன்? ஓலை வாசிக்க வருகிற பெண்வீட்டார் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், வீட்டை அடகு வைத்தாயிற்று என்று. வரதட்சணையைத் தடை செய்து 1961-இலேயே சட்டம் வந்துவிட்டது. இந்தப் பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்கிறேன்: மகன்களைப் பெற்றவர்களே, பெண்ணின் காதிலிருந்து கழற்றி வாங்குகிற பொன்னில் நீங்கள் வார்ப்பது எது?

பிறர் பொன்னை எப்படிக் கையாளவேண்டும் என்று பாட்டா பேசிக் காட்டியதில்லை, செய்து காட்டினார். ஆசாரியாகப் பிறந்த எல்லாரும் ஒரு பழமொழியைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள். தாயின் பொன்னிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்வான் என்று அவர்கள் தொழிலைப் பழிக்கிற பழமொழி. யாராவது அதைச் சிரித்துக்கொண்டே சொன்னால் பாட்டா பதில் பேசமாட்டார். கூட்டி எடுத்த துகளை உருக்கி, யாருடைய நகையிலிருந்து விழுந்ததோ அவர்களுக்கு எடை போட்டுக் கழித்துக் கொடுப்பார். பொற்கொல்லர்களின் பாதுகாவலர் புனித எலிஜியுஸ் ஏழாம் நூற்றாண்டுக்காரர், பிரான்சு நாட்டு லிமோஜ் நகரில் தொழில் பழகியவர். அரசர் இரண்டாம் குளோத்தார் ஓர் அரியணை செய்யப் பொன் கொடுத்தாராம். எலிஜியுஸ் அதில் இரண்டு அரியணை செய்து கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு அவர் நோயோன் நகர ஆயரானார். கையில் வந்த பணத்தை அடிமைகளை மீட்கச் செலவிட்டார். பாட்டாவுக்கு இந்தக் கதையைச் சொன்னது குருமடத்தில் படிக்கும்போது நான்தான். கேட்டுவிட்டு, "ரெண்டுக்குப் பொன் இருந்துச்சுன்னா ரெண்டுதானே செய்யணும்" என்றார். அவருக்கு அதில் புதுமை எதுவும் தெரியவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும். கடற்கரை ஊரிலிருந்து ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்குக் கம்மல் செய்யக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை கல்யாணம், அன்று சனி. ஆறு இதழ் வைத்த பூக்கம்மல். இதழ்களைச் சேர்த்துப் பற்றவைக்கிற வேலை மட்டும் பாக்கி. பொடி வைத்து ஊதுவது என்பார்கள். நாம் பேச்சில் சொல்கிற 'பொடி வைத்து' பட்டறையிலிருந்து வந்தது என்பார்கள். பொன்னோடு வேறு உலோகம் கலந்து செய்த பொடி அது, பொன்னைவிடச் சீக்கிரம் உருகும். இரண்டு துண்டுக்கும் நடுவில் அதை வைத்து, வெங்காரம் தடவி, விளக்குச் சுடரை ஊதுகுழலால் வளைத்து அதன்மேல் பாய்ச்சவேண்டும். பொடி உருகிப் பரவி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அந்த நொடியில் நிறுத்திவிடவேண்டும். அதுவரை மூச்சு வாங்குவதற்காக ஊதுவதை நிறுத்தவும் கூடாது. கன்னத்தில் காற்றை நிறுத்திக்கொண்டு, மூக்கால் இழுத்து, சுடர் அசையாமல் ஊதவேண்டும்.

நான் ஊதுகிறேன் என்று அடம்பிடித்தேன். கொடுத்தார். பொடி உருகியதைப் பார்த்தேன். சந்தோஷத்தில் இன்னும் பலமாக ஊதினேன். கண் மூடித் திறப்பதற்குள் இதழ் சுருண்டு, மணி போல உருண்டு நின்றது. பக்கத்து இதழும் கூடவே போயிற்று. ஆறு நாள் வேலை.

நான் அழுதேன். பாட்டா அந்த உருண்டையைச் சாமணத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சூடு ஆறியிருந்தது. "பொன்னு எங்கயும் போவல மக்கா. வேலதான் போச்சு. வேலைய நாம திரும்பச் செய்யலாம்" என்றார். அன்று இரவு முழுக்க அவர் தூங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது நான். ஞாயிறு மாலை கம்மல் தயார். அந்த அம்மாவிடம், தன் கையால் கெட்டுப்போய்த் திரும்பச் செய்ததால் கூலியில் பாதி போதும் என்றார். என் பெயரைச் சொல்லவே இல்லை.

நாற்பது ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் எனக்குச் சொல்லத் தெரிந்தது அன்று பாட்டா சொன்னதுதான். ஆண்டவர் தம் சாயலாக உங்களுக்குள் வைத்தது உருகி உருக்குலைந்து கிடக்கலாம். அது பொன். எங்கும் போகவில்லை. அந்த இரவில் பாட்டாவைப் பார்த்துத்தான் அந்தப் பொடியும் எனக்குப் புரிந்தது. இரண்டு பேரைச் சேர்த்து வைக்கவேண்டும் என்றால், சேர்த்து வைப்பவர் முதலில் உருகவேண்டும். அப்பாவும் மகனும் பேசாமல் இருக்கிற வீடுகளில் நடுவில் உருகிக்கொண்டிருக்கிற பாட்டிகளை எனக்குத் தெரியும். இன்று இங்கேயே சிலர் இருக்கிறீர்கள்.

பாட்டாவின் வாழ்க்கையிலும் வேலை போன காலம் உண்டு. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றானது. நாடெங்கும் ஆசாரிமார் பட்டறைகளில் அடுப்பு அணைந்தது. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பாட்டா ஒரு கடையில் கணக்கு எழுதப் போனார். பெட்டியை மட்டும் விற்கவில்லை. வாரம் ஒருமுறை எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவி வைப்பார் என்று அம்மா சொல்வார். காரட் கட்டுப்பாடு பிறகு தளர்ந்தது, கட்டுப்பாட்டுச் சட்டமே 1990-இல் நீங்கியது. அதற்குள் பலர் வீட்டில் அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டது. இப்போது மெழுகு அச்சில் வார்த்து எடுக்கிற நகை ஒரே நாளில் நூறு வருகிறது. அதில் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நானே பட்டறையை விட்டுவிட்டு வந்த பேரன். ஆனால் கையால் செய்த ஒரு கம்மலுக்கு ஆசாரி கேட்கிற கூலியில் பேரம் பேசிவிட்டு, பெரிய கடையில் சேதாரம் எவ்வளவு போட்டாலும் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறோமே, அது எனக்கு வருத்தம். சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம், ராப்பகலாக விழித்து முத்திரை வெட்டுகிறவரையும் பட்டடை அருகே உட்கார்ந்திருக்கிற கொல்லரையும் பற்றிப் பேசுகிறது. இவர்களை மன்றத்துக்கு யாரும் அழைப்பதில்லை, ஆனால் இவர்கள் இல்லாமல் ஊர் நிற்காது, செய்கிற தொழிலே இவர்களுடைய மன்றாட்டு என்கிறது. பங்குப் பேரவையில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போனதும் அந்தப் பகுதியைப் படியுங்கள்.

கடைசியாக, இங்கே இருக்கிற தாத்தா பாட்டிகளிடம் ஒரு வார்த்தை. என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் நீங்கள் சொல்கிற கவலை ஒன்றுதான். பேரன் கோவிலுக்கு வருவதில்லை சாமி, பேத்தி செபமாலை தொடுவதில்லை சாமி. பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, உன்னிடம் இருக்கிற நம்பிக்கை முதலில் உன் பாட்டி லோயியிடம் இருந்தது, பிறகு உன் தாய் யூனிக்கியிடம் இருந்தது என்று நினைவூட்டுகிறார். லோயி என்ன பாடம் நடத்தினார் என்று பவுல் எழுதவில்லை. என் பாட்டாவும் பாடம் நடத்தவில்லை. பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார வைத்தார். மாலை மணி அடித்ததும் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு மூவேளைச் செபம் சொல்வார். நானும் சொல்வேன். நான் குருவானது அந்தப் பலகையில் இருந்தபோதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே அழாதீர்கள். பலகையைப் போட்டு வையுங்கள்.

பூசை முடிந்ததும் யாரும் அவசரப்பட்டுப் போகவேண்டாம். பங்கு மண்டபத்தில் வடசேரியிலிருந்து இரண்டு ஆசாரிமார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வலை பின்னுகிற நம் தாத்தா ஒருவரும், ஓலைப்பெட்டி முடைகிற பாட்டிகள் மூன்று பேரும் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு காலிப் பலகை போட்டிருக்கிறோம். பாட்டாவின் ஊதுகுழலை வெந்நீரில் கழுவி நானே எடுத்து வருகிறேன். விளக்கு ஏற்றியிருக்கும். பிள்ளைகளே, ஆளுக்கு ஒருமுறை ஊதிப் பாருங்கள். சுடர் வளைகிறவரை விட்டுவிடாதீர்கள். முதல் நாள் கன்னம் வலிக்கும்.